மடித்துத் தைத்த விசில்

பாக்கி முப்பத்தெட்டாயிரத்து நானூறு.

அது என்ன அந்த நானூறு என்றுதான் அண்ணி முதலில் கேட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பதில் சொல்லாமல் வாயைத் திறந்து காட்டினார். மேல் வரிசையில் முன் பற்கள் நான்கும் புதுசு. கடை வாசலில் சட்டை மாட்டி நிறுத்துகிற பொம்மையின் பல் மாதிரி ஒரே அளவு, ஒரே வெள்ளை. பல் டாக்டர் சொன்ன விலை அது. பழைய பல்லை வைத்து இவர் செய்த கடைசி வேலைக்கு அதே தொகையைக் கூலியாகக் கேட்டிருந்தார். கூட்டியும் கேட்கவில்லை, குறைத்தும் கேட்கவில்லை. வேலை முடிந்தது, பல்லும் போனது, புதுப் பல்லும் கடனில் வந்தது. கூலிதான் வரவில்லை.

அவருக்குத் தொழில் விசில் அடிப்பது. சிரிக்க வேண்டாம். மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள் எப்படியோ அப்படி இவருக்கு உதடும் பல்லும். சினிமாவில் காதலன் தெருமுனையில் நின்று விசிலடித்தால், உதட்டைக் குவிப்பது அவன், காற்று இவருடையது. முன் பல் நான்கும் ஆட்டம் கண்டு, எடுத்தே தீர வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளில், காலையில் ஒரு பாட்டுக்கு விசிலடித்துக் கொடுத்துவிட்டு, மதியம் போய்ப் பல்லையும் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் உதட்டைக் குவித்தால் காற்று மட்டும் வருகிறது. விளக்கை ஊதி அணைக்க உதவும். பாட்டுக்கு உதவாது.

அந்தக் கடைசி விசில்தான் இப்போது ஊரெல்லாம். பாட்டு இன்னும் முழுசாக வெளியாகவில்லை. முன்னோட்டமாக விட்ட துண்டுக்கே இந்தக் கதி. பஸ்ஸில், முடி வெட்டும் கடையில், எதிர்வீட்டுப் பையனின் போனில் எல்லாம் அதுதான். பேட்டி எடுக்க வந்தவர்கள் யார் அந்த விசில் என்று கேட்க, இசையமைப்பாளர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அது மனுஷன் அடித்ததே இல்லை, நானே கீபோர்டில் உட்கார்ந்து செய்தது என்று சொல்லிவிட்டார். கைத்தட்டல் வந்துவிட்டது. வாங்கிய கைத்தட்டலை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஆகவே விசில்காரர் கூலிக்குப் போய் நின்றபோது, உங்கள் ரெக்கார்டிங் சரியில்லை, அன்றைக்கே அழித்தாயிற்று என்றார். நம்பிக்கை இல்லாவிட்டால் இதே இடத்தில் ஒரு தடவை அடித்துக் காட்டுங்களேன், ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்றும் சொன்னார். பல் போன விஷயம் தெரிந்தே சொன்னார்.

நேற்று ஆள் மூலம் ஒரு காகிதம் வந்ததாம். அந்த விசில் என்னுடையதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பத்தாயிரம் தருவார்களாம். வயசான கலைஞருக்கு அன்பளிப்பாம்.

"பிச்சை போடறானாம்மா," என்றார் விசில்காரர். குரல் உயரவில்லை. "எனக்குப் பல்லுதான் போச்சு. முதுகெலும்பு அப்படியே இருக்கு. கையெழுத்துப் போட மாட்டேன். கூலி வேணும், பாட்டுல பேரு வேணும். என் கடைசி விசிலுக்கு ஒரு மெஷின் அப்பன்னு எழுதிக்கிட்டா நான் எதுக்கு இத்தனை வருஷம் ஊதினேன்?"

வெள்ளிக்கிழமை பாட்டு வெளியாகிறது. அதற்குள் பேர் ஏறினால் ஏறினதுதான். அதற்கப்புறம் ஊரே அந்த விசிலைக் கீபோர்டின் பேரில் எழுதிவிடும்.

அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தாள். துப்பறியும் ஆபீஸ் போர்டில் அவளுக்குச் சொந்தப் பேர் ஒன்று இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. உதவியாளன் அவள் புருஷனின் தம்பி. அவன் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டு, மாடிப்படி ஏறுகிறவர்கள் எல்லோரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். அவனுக்கும் பேர் போய்விட்டது. தூக்கத்திலும் வாய் ஓயாதவன் என்பதால் ரேடியோ.

"குரல்னா கண்டுபிடிச்சிடலாம் அண்ணி," என்றான் ரேடியோ. "விசிலுக்கு மூக்கா முழியா? குக்கர்காரன் வந்து என்னுதுன்னு சொன்னாலும் கொடுத்துடணும்."

உங்களிடம் நகல் இல்லையா என்று கேட்டாள் அண்ணி. இல்லை. இப்போதெல்லாம் யாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பதில்லை என்று விசில்காரர் விளக்கினார். வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து, அவர்கள் அனுப்பிய லிங்க்கை அழுத்தினால் பாட்டின் பக்கம் வரும். தாளம் ஒரு வரி, வயலின் ஒரு வரி, பாடகர் ஒரு வரி. கொடி கொடியாகத் துணி காயப் போட்டது மாதிரி ஒன்றின் கீழ் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு ட்ராக். நம் ட்ராக்கில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு அடித்தால், நேராக அங்கேயே பதிவாகிவிடும். அங்கே ஸ்டூடியோவில் உட்கார்ந்து கேட்பார்கள், போன் போல அதிலேயே பேசவும் செய்வார்கள். நம் வீட்டில் எதுவும் தங்காது. இப்போது அந்த லிங்க்கை அழுத்தினால் உங்களுக்கு அனுமதி இல்லை என்கிறது.

சொல்லிவிட்டு, முகம் கழுவ வேண்டும் என்று உள்ளே போனார். திரும்பி வந்து, நாளைக்கு வருகிறேன் என்று படியிறங்கினார். கதவு விரியத் திறந்தபடி நின்றது.

அவர் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார். கீழ்க்கடை டைலர் படியேறி வந்தார். ஒரு கையில் ரேடியோவின் பேன்ட், இன்னொரு கையில் நனைந்த துணி. மேலே என்ன அருவியா வைத்திருக்கிறீர்கள், தையல் மிஷின் மேல் சொட்டுகிறது என்றார். ரேடியோ ஓடிப் போய்ப் பார்த்தான். குழாய் முழுசாகத் திறந்து கிடந்தது. தொட்டி நிரம்பித் தரையெல்லாம் குளம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோப்பு மூடிகூடத் திறந்தபடி.

"மனுஷன் எதையுமே மூட மாட்டாரு போலிருக்கே," என்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டே கத்தினான். "இவரு கல்யாணத்துல தாலி முடிச்சையாவது போட்டாரான்னு வீட்டம்மாவைக் கேக்கணும்."

டைலருக்குக் கோபம் தணிய அண்ணி டீ கொடுத்தாள். அவர் பேன்ட்டை மேசைமேல் போட்டார். போன மாசம் கணுக்கால் தெரிய வேண்டும், அதுதான் ஃபேஷன் என்று ரேடியோ அதைக் குட்டையாக்கச் சொல்லியிருந்தான். அவன் பெண்டாட்டி வெள்ளத்தில் நடக்கப் போகிறீர்களா என்று கேட்டதோடு ஃபேஷன் முடிந்தது. இப்போது மறுபடி நீளமாக வேண்டுமாம்.

வெட்டினதை எப்படி நீளமாக்குவீர்கள் என்று அண்ணி கேட்டாள்.

"நான் எங்கேம்மா வெட்டினேன்? இந்த ஆளு எப்படியும் திரும்பி வருவான்னு தெரியும். உள்ளே மடிச்சுத்தான் தைச்சேன். தையலைப் பிரிச்சா பழைய நீளம் தானா இறங்கும்."

டைலர் கீழே போன பின்பும் அண்ணி அந்தப் பேன்ட்டின் ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அவள் யோசிக்கும்போது மேஸ்திரி தூக்குநூல் பிடிக்கிற மாதிரி இருக்கும். ஆடாது, அசையாது.

பிறகு ரேடியோவிடம், அதே மாதிரி இணையப் பக்கம் ஒன்றில் கணக்குத் திறந்து எதையாவது பாடு என்றாள். அவன் பாடினான். ஊரில் எஞ்சியிருந்த காக்கைகளும் போயின. பாடி முடித்து, முன்னால் கொஞ்சம் இருமிவிட்டேன், அதை வெட்டித் தூக்கிவிட்டேன் என்று பெருமையாகப் போட்டுக் காட்டினான். இருமல் இல்லை. திரையில் அவன் பாட்டு ஒரு பட்டையாகத் தெரிந்தது. அதன் ஓரத்தைப் பிடித்து வெளியே இழுக்கச் சொன்னாள் அண்ணி. இழுத்தான். பட்டை நீண்டது. மறுபடி ஓட்டினான்.

முதலில் இருமல் வந்தது. அதற்கும் முன்னால் அவன் குரல், தனக்குத்தானே: 'பேன்ட்டைத் தடவிட்டுப் பாடச் சொல்றாங்க. அண்ணன் வந்ததும் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லணும்.'

ரேடியோ முதல் தடவையாக வாயை மூடினான்.

"வெட்டலை," என்றாள் அண்ணி. "மடிச்சு வெச்சிருக்கு."

"சரி அண்ணி, ஆனா அவன் நிஜமாவே அழிச்சிருந்தா?"

"ஊரே பாடுற விசிலை எவன் அழிப்பான்? திருட்டு சைக்கிளுக்குப் பெயின்ட் அடிப்பான். பெல்லைக் கழட்ட மாட்டான்."

மறுநாள் காலை விசில்காரருக்குப் போன் போட்டு, நீங்கள் கையெழுத்துப் போடச் சம்மதம் என்று இசையமைப்பாளரிடம் சொல்லிவிட்டேன், கிளம்புங்கள் என்றாள்.  பேனா கொண்டுவர மாட்டேன் என்றார் அவர். சரி, கொண்டுவர வேண்டாம் என்றாள் அண்ணி.

*

இசையமைப்பாளரின் ஸ்டூடியோ மூன்றாவது மாடியில். சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி மேடு பள்ளமான பஞ்சு. ஏசி எலும்பைத் தொட்டது. ஒரு பெரிய திரை, அதன் முன்னால் ஒரு பெண். வருகிற ட்ராக்குகளைக் கேட்டு, பிசிறு பார்த்து, பேர் போட்டு, நிறம் கொடுத்து, வரிசைப்படுத்தி வைப்பது அவள் வேலை. ட்ராக் பார்க்கிற பெண் என்றே எல்லோரும் சொன்னார்கள். உள்ளே நுழைந்தவர்களை அவள் நிமிர்ந்து பார்த்தாள். விசில்காரரைப் பார்த்ததும் குனிந்துகொண்டாள். அண்ணி அதைக் கவனித்தாள்.

இசையமைப்பாளருக்கு வயசு முப்பத்தைந்து இருக்கும். எழுந்து நின்று, வாங்கண்ணே என்று தோளில் கை போட்டார். காகிதமும் பேனாவும் மேசைமேல் தயாராக இருந்தன. படத் தயாரிப்பாளர் தினமும் பாட்டுப் பக்கத்தைத் திறந்து கேட்கிறார், அவருக்கு இந்த மாதிரி வில்லங்கம் எல்லாம் பிடிக்காது, நல்லபடியாக முடித்துக்கொண்டது நல்லது என்றார்.

அண்ணி தன்னை விசில்காரரின் சொந்தக்காரி என்று சொல்லிக்கொண்டாள். ஒரே ஒரு ஆசை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் கீபோர்டு விசிலை மட்டும் தனியாக ஒரு தடவை கேட்டுவிட்டால் அவர் மனசு ஆறிவிடும் என்றாள். இசையமைப்பாளருக்குத் தன் வேலையைக் காட்டக் கசக்குமா? அந்தப் பெண்ணிடம் கைகாட்டினார்.

திரையில் பாட்டு விரிந்தது. கொடி கொடியாக முப்பது நாற்பது ட்ராக். மேலே மனிதர்கள், எல்லாம் மஞ்சள். பாடகர், பாடகி, கோரஸ், புல்லாங்குழல். கீழே இயந்திரங்கள், எல்லாம் சாம்பல். செங்கல் அடுக்கினது போலச் சுத்தமான வரிசை. அதில் ஒரே ஒரு கல் மட்டும் உறுத்தியது. கோரஸுக்கும் புல்லாங்குழலுக்கும் நடுவில், மஞ்சளுக்குள் ஒரு சாம்பல் பட்டை. பேர்: கீபோர்டு விசில்.

"அழகா அடுக்கியிருக்கம்மா," என்றாள் அண்ணி. "வரிசை நீ போட்டதா?"

ஆமாம் என்றாள் அந்தப் பெண்.

"பேரும் நிறமும்?"

அவள் இசையமைப்பாளரைப் பார்த்தாள். அவர் போன் பார்த்தார்.

"கல்யாண வீட்டு வரிசையில மர நாற்காலி சொந்தக்காரன் மாதிரி நிக்குது," என்றான் ரேடியோ, யாருக்கும் இல்லாமல் பொதுவாக. அதெல்லாம் இழுக்கும்போது இடம் மாறிப் போயிருக்கும் என்றார் இசையமைப்பாளர்.

அந்தப் பெண் அந்த ஒரு பட்டையில் மட்டும் சோலோவை அழுத்தினாள். மற்ற எல்லாம் அடங்கியது.

விசில் வந்தது. தாளம் இல்லை, துணை இல்லை. வெறும் காற்று, ஆனால் அந்தக் காற்று எங்கோ போய் யாரையோ கூப்பிட்டுவிட்டு, பதில் வராமல், பரவாயில்லை என்று தலையை நிமிர்த்தித் திரும்பி வருவது போல இருந்தது. விசில்காரர் கண்ணை மூடினார். அவர் உதடு தானாகக் குவிந்தது. திரையில் விசில் ஏறும் இடத்தில் அவர் கன்னம் ஒடுங்கியது, இறங்கும் இடத்தில் தளர்ந்தது. சத்தம் மட்டும் இல்லை. 

முடிந்ததும் இசையமைப்பாளர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். விசில்காரர் வாங்கினார். வாங்கி, சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அண்ணி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அந்தப் பட்டையின் முன் ஓரத்தைக் கொஞ்சம் வெளியே இழும்மா என்றாள். எதற்கு என்று இசையமைப்பாளர் கேட்டார். மடிப்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் என்றாள். அவர் முகத்தில் ஒரு நொடி ரத்தம் இல்லை. அதற்குள் அந்தப் பெண் பட்டையை இழுத்து நீட்டிவிட்டாள். ஓட்டினாள்.

ஒரு மின்விசிறி ஓடும் சத்தம். வேறு எதுவும் இல்லை. மூச்சுகூட இல்லை. விசிறி, விசிறி, விசிறி, அப்புறம் விசில்.

"கீபோர்டுக்கு வேர்க்குமா சார்?" என்றான் ரேடியோ.

இசையமைப்பாளர் சிரித்தார். நிஜமாகவே நிம்மதிச் சிரிப்பு. அது இயற்கையாக இருக்கட்டும் என்று நான் சேர்த்த சத்தம், இந்தக் காலத்தில் விசிறி, மழை, கொசு எல்லாம் கம்ப்யூட்டரிலேயே கிடைக்கும் என்றார். சரி, பார்த்தாயிற்றா? இப்போது கையெழுத்து.

விசில்காரர் தரையைப் பார்த்தார். அந்த விசிறி அவர் வீட்டு விசிறி. அது அவருக்குத் தெரியும், அவர் வீட்டம்மாவுக்குத் தெரியும். விசிறி வந்து சாட்சி சொல்லுமா? அடிப்பதற்கு முன்னால் பேசவே மாட்டார், எச்சில்கூட விழுங்காமல் காத்திருப்பார். அத்தனை வருஷப் பழக்கம். அந்தச் சுத்தமே இன்றைக்கு அவரைக் கவிழ்த்துவிட்டது.

அண்ணி எழுந்திருக்கவில்லை. நேற்று என் ஆபீசில் ஒரு வேடிக்கை நடந்தது என்று ஆரம்பித்தாள். இந்த அண்ணன் முகம் கழுவப் போனார். குழாயை மூடவில்லை. விளக்கை அணைக்கவில்லை. சோப்பை மூடவில்லை, கதவைச் சாத்தவில்லை. கீழ்க்கடை வரைக்கும் வெள்ளம். இவர் ஒரு வேலையை ஆரம்பிப்பதில் கெட்டிக்காரர், முடித்து வைப்பதில் பூஜ்யம்.

விசில்காரருக்குக் கோபம் வந்தது. தான் நம்பி வந்த ஆளே தன்னை இப்படி அவமானப்படுத்துகிறாளே என்பது போலப் பார்த்தார். அண்ணி அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அன்னைக்கு அடிச்சு முடிச்சதும் சிவப்புப் பொத்தானை மறுபடி அழுத்தினீங்களா?"

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். மெதுவாக அவர் புதுப் பல் நான்கும் வெளியே தெரிந்தன.

"எங்கேம்மா அழுத்தினேன். அதுக்குத்தான் வீட்டுல தினம் திட்டு."

அண்ணி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "இப்போ பின்பக்க ஓரத்தை இழு தாயி."

இசையமைப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். போதும், பக்கத்தை மூடு என்றார். அந்தப் பெண்ணின் கை மவுஸ் மேல் இருந்தது. மூடவில்லை, இழுக்கவும் இல்லை. பேரை மாற்றியது யார், நிறத்தை மாற்றியது யார் என்று அவளுக்குத் தெரியும். வரிசையை மட்டும் அவள் மாற்றாமல் விட்டிருந்தாள். அவ்வளவுதான் அதுவரை அவளால் முடிந்தது.

"மூடுன்னு சொன்னேன். இல்லேன்னா நாளைக்கு உனக்கு இங்கே வேலை இல்லை."

அவள் நிமிர்ந்தாள்.

"நாளைக்குத்தானே சார்? இன்னைக்கு இருக்குல்ல?"

இழுத்தாள். பட்டை நீண்டது, நீண்டது, திரையின் விளிம்பைத் தாண்டியும் நீண்டது. விசில் எங்கே முடிந்ததோ அங்கிருந்து ஓட்டினாள்.

விசிறிச் சத்தம். ஒரு பெருமூச்சு. நாற்காலி கிறீச்சிட்டது. டக் என்று ஹெட்ஃபோன் கம்பியைப் பிடுங்குகிற சத்தம். பிடுங்கினதும், அதுவரை காதுக்குள்ளே மட்டும் இருந்த குரல் கம்ப்யூட்டரின் சின்ன ஸ்பீக்கர் வழியாக அறைக்குள் வந்து, அப்படியே மைக்குக்குள் போயிருந்தது. தகர டப்பாவுக்குள் பேசுவது போல இருந்தாலும் யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. எதிரே நிற்கிறவருடைய குரல்.

'அண்ணே, கண்ணுல தண்ணி வந்திருச்சுண்ணே. பாட்டே இனிமே இந்த விசில்தான். இதுல ஒரு இழை கூட எவனையும் தொட விட மாட்டேன். காசு நாளைக்கே அனுப்பிடறேன்.'

அப்புறம் விசில்காரர் குரல். பழைய பல்லோடு பேசின குரல்.

'காசு வரட்டும் தம்பி. பேரை மறந்துடாதே.'

அப்புறம் தூரத்திலிருந்து ஒரு பெண் குரல், பல் டாக்டர் காத்திருக்கிறார், இன்னும் அங்கே என்ன கொஞ்சல் என்று. செருப்புச் சத்தம். கதவு திறக்கும் சத்தம் வந்தது. சாத்தும் சத்தம் வரவில்லை. அதற்கப்புறம் ஆளில்லாத அறையில் விசிறி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"விசிறியையும் நிறுத்தலை," என்றான் ரேடியோ மெதுவாக. "மின்சாரக்காரன் இவரைக் கோயில் கட்டிக் கும்பிடணும்."

இசையமைப்பாளர் உட்கார்ந்தார். குரலை இறக்கி, விசில்காரரிடம் மட்டும் பேசினார். தப்புதான் அண்ணே, பேட்டியில் வாய் தவறிவிட்டது, இனிமேல் மாற்றினால் என் மானம் போகும். எழுபதாயிரம் தருகிறேன், இப்போதே தருகிறேன், பேர் மட்டும் வேண்டாம். இது நம் நாலு சுவருக்குள் இருக்கட்டும்.

ரேடியோ மனசுக்குள் எழுபதாயிரத்தில் எங்கள் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு முடிப்பதற்குள் விசில்காரர் தலையை ஆட்டிவிட்டார்.

"என் மானத்துக்கு முந்தாநாள் பத்தாயிரம் விலை சொன்னே. உன் மானத்துக்கு இன்னைக்கு எழுபதா? நான் கடைக்காரன் இல்லை தம்பி, கூலிக்காரன். முப்பத்தெட்டாயிரத்து நானூறு. பேரு."

"நாலு சுவர்னு சொன்னீங்களே சார்," என்றாள் ட்ராக் பார்க்கிற பெண்.  அந்த மடிப்பைப் பிரித்த இடத்தில் ஒரு குறிப்பு ஒட்டியாகிவிட்டது என்றாள். இந்தப் பக்கத்தில் யார் எந்த இடத்தில் குறிப்பு ஒட்டினாலும், பாட்டைக் கேட்டு ஒப்புதல் தருகிறவரின் போனுக்கு உடனே போகும். ஒப்புதல் தருகிறவர் தயாரிப்பாளர். குறிப்பில் அவள் அதிகம் எழுதவில்லை. 'இங்கே கேளுங்கள்.' அவ்வளவுதான்.

 திரையின் ஓரத்தில் அந்தக் குறிப்புக்குக் கீழே மூன்று புள்ளிகள் ஓடின. தயாரிப்பாளர் தட்டிக்கொண்டிருந்தார். வந்த பதிலும் பெரிசாக இல்லை.

'கேட்டேன். பேரைப் போடு. காசைக் கொடு.'

அந்தப் பெண் யாரையும் கேட்கவில்லை. கீபோர்டு விசில் என்பதை அழித்தாள். விசில்காரரைத் திரும்பிப் பார்த்து, அப்பா பேர் முதல் எழுத்து என்ன ஐயா என்று கேட்டாள். சொன்னார். எழுத்துக் கூட்டி நிதானமாக அவருடைய முழுப் பேரையும் தட்டினாள். சாம்பலை மஞ்சளாக்கினாள். கோரஸுக்கும் புல்லாங்குழலுக்கும் நடுவில் அந்தக் கல் இப்போது உறுத்தவில்லை. விசில்காரர் திரைக்குப் பக்கத்தில் போய், தன் பேரை விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

இசையமைப்பாளர் போனில் பணம் அனுப்பினார். தொகையை முழுசாக்கி நாற்பதாயிரமாக அனுப்பிவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

விசில்காரர் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். முதலில் முப்பத்தெட்டாயிரத்து நானூறு பல் டாக்டருக்குப் போனது. அடுத்தது போக நேரமாயிற்று. மூன்று தடவை தப்பாக அழுத்தி, மூன்று தடவையும் அழித்து, நான்காவதில் சரியாக வந்தது. இசையமைப்பாளரின் போன் ஒலித்தது. ஆயிரத்து அறுநூறு திரும்பி வந்திருந்தது.

"கூலிக்கு மேல வாங்கினா அது இனாம்," என்றார் விசில்காரர். பையிலிருந்த பேனாவையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

ரேடியோவால் பொறுக்க முடியவில்லை. அண்ணியின் காதில், அந்த ஆயிரத்து அறுநூறாவது நம் ஃபீஸாக இருந்திருக்கும், இப்போது நமக்கு என்ன என்றான்.

"நேத்து குழாயைத் திறந்து விட்டப்பவே கொடுத்துட்டாரு. கணக்கு தீர்ந்தது," என்றாள் அண்ணி.

விசில்காரர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார். வழக்கம்போலக் கதவு விரியத் திறந்து கிடந்தது. ஏசிக் குளிர் எல்லாம் வராந்தாவுக்குப் போயிற்று. வராந்தாவின் வெயிலும் தெருச் சத்தமும் உள்ளே வந்தன. கீழே யாரோ ஒரு பையன் அந்த மெட்டை அரைகுறையாக விசிலடித்துக்கொண்டு போனான்.

"யாராவது கதவைச் சாத்துங்க," என்றார் இசையமைப்பாளர்.

கதவுக்குப் பக்கத்தில் இருந்தது ட்ராக் பார்க்கிற பெண்தான். அவள் எழுந்தாள். கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள், பையைத் தோளில் மாட்டினாள், அந்தக் கதவு வழியாகவே வெளியே போனாள். சாத்தவில்லை.